வலது தோளுக்கு வாங்கிய துப்பாக்கி

பரணில் இருந்த தோல் பெட்டியைப் போன வாரம் நீங்கள் இறக்கினீர்கள். பிடில் என்று நினைத்துத்தான் மூடியைத் திறந்திருப்பீர்கள். உள்ளே இரண்டு துண்டாகத் துப்பாக்கி கிடந்தது. அப்பா யாரைச் சுட்டார் என்று ஒருவர் கேட்டீர்கள், புலியையா என்று இன்னொருவர். நான் கோபித்துக்கொண்டு பெட்டியைப் பிடுங்கி மேலே வைத்துவிட்டேன். கோபித்தது தப்பு. கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். ஐந்தாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான். கையெழுத்து நன்றாக இருக்கும், விஷயம் நன்றாக வருமா தெரியாது.

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தத் துப்பாக்கியால் எந்த உயிரும் போகவில்லை. நான் சுட்டதெல்லாம் தட்டு. சுண்ணாம்பும் கீலும் சேர்த்து வார்த்த, அப்பளம் அளவு கறுப்புத் தட்டு. ஒரு பள்ளத்துக்குள் ஆள் உட்கார்ந்து வில் வைத்த ஒரு யந்திரத்தால் அதை வீசுவான். அது பறவை மாதிரி எழும்பி ஓடும். விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. வெள்ளைக்காரர்களுக்கு அதில் ஒரு பைத்தியம். சனிக்கிழமை மத்தியானம் ஆனால் பொன்மலைக்கு அப்பால் இருந்த பொட்டலில் கூடிவிடுவார்கள்.

நான் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. எனக்கு மேலே இருந்த துரைக்கு அந்த கிளப்பில் காரியதரிசி மாதிரி ஒரு பொறுப்பு. யார் எத்தனை தட்டு உடைத்தார்கள் என்று எழுத அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார். மாட்டேன் என்று சொல்வதற்கு அப்போது எந்த குமாஸ்தாவுக்கும் நாக்கு கிடையாது. ஆறு மாதம் வெயிலில் நின்று எழுதினேன்.

ஒரு சனிக்கிழமை, ஆட வேண்டியவர் ஒருவர் ஜுரம் என்று வரவில்லை. துரை நல்ல குஷியில் இருந்தார். எழுதி எழுதியே இவன் கற்றுக்கொண்டிருப்பான், ஒரு கை பார்க்கட்டும் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, கிளப்பில் பொதுவாகக் கிடந்த பழைய துப்பாக்கி ஒன்றை என்னிடம் நீட்டினார். என் வலது கையில் நோட்டும் பென்சிலும் இருந்தன. வந்ததை இடது கையால் வாங்கினேன். வாங்கின வேகத்தில் அது இடது தோளுக்கே போய் உட்கார்ந்தது. நோட்டைக் கீழே போட்டேன். தட்டு எழும்பியது, நான் விசையை இழுத்தேன், வானத்தில் கறுப்பாக ஒரு பொடி பறந்தது. ஐந்தில் நாலு உடைந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். என் வாழ்நாளில் எனக்காக யாரும் அதற்கு முன்னால் கை தட்டியதில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

திங்கட்கிழமை துரை கூப்பிட்டு அனுப்பினார். கிறிஸ்துமஸ் லீவில் வெளியூர் கிளப்புக்காரர்கள் பந்தயத்துக்கு வருகிறார்கள், ரயில்வே சிப்பந்திகள் சார்பில் நாலு பேர் கொண்ட ஓர் அணி நிறுத்தப்போகிறேன், அதில் நீ ஒருவன் என்றார். கிளப் துப்பாக்கி அன்றைக்கு உதவாது, உனக்கென்று ஒன்று வாங்கிக்கொள், லைசென்ஸுக்கு நான் எழுதித் தருகிறேன் என்றும் சொன்னார். நான் தலையைச் சொறிந்தபடி நின்றேன். அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து, நான் படிக்கும்படி வைத்தார். தனுஷ்கோடிக்கு மாற்றல் உத்தரவு. என் பெயர் டைப் அடித்திருந்தது. கையெழுத்து மட்டும் போட வேண்டியது.

தனுஷ்கோடியிலிருந்து சுட்டால் பொன்மலைத் தட்டு உடையுமா என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். துரை சிரிக்கும்போது சும்மா நிற்க முடியாது.

மாற்றலுக்கு ஏன் இப்படிப் பயப்பட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். உங்கள் தாத்தாவுக்கு அப்போது இரண்டு கண்ணிலும் புரை. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. கத்தி வைத்துக்கொள்ள மாட்டேன் என்று பிடிவாதம். ஆனால் நாலாயிரம் பாசுரமும் நெஞ்சில் இருந்தது. கோவிலில் அதைச் சேவிக்கும் கோஷ்டியில் அவர் குரல் இல்லாத நாள் கிடையாது. தினமும் விடியலில் ஸ்நானம் பண்ணித் திருமண் இட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். நான் போய் இடது பக்கம் கையைக் கொடுப்பேன். என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உத்தர வீதியிலிருந்து சந்நிதி வரை நடப்பார். வலது கை எனக்குத் தீர்த்தம் வாங்க வேண்டும், தலையில் சடாரி வாங்கக் குனியும்போது வாய் பொத்த வேண்டும். அதனால் இடது கை அவருடையது. வேறு யார் கையையும் அவர் பிடிக்க மாட்டார். உங்கள் அம்மா மடியாக வந்து கூப்பிட்டாலும், "நீ போம்மா, அவன் வரட்டும்" என்பார். எனக்கு அண்ணன் தம்பி இல்லை. அக்காவைத் தொட்டியத்தில் கொடுத்திருந்தோம். நான் தனுஷ்கோடிக்குப் போனால் அவர் கோஷ்டி அன்றோடு நின்றுபோகும். அது நின்றால் அவர் எத்தனை நாள் இருப்பார் என்று எனக்குத் தெரியும்.

இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், போய்ட்டு வாடா, நான் பாத்துக்கறேன் என்பார். அப்படிச் சொல்லிவிட்டு மறுநாளிலிருந்து வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடுவார். ஆபீஸ் காரியமாகத் துப்பாக்கி வாங்க வேண்டும், மண் தட்டைத்தான் சுடுவது என்று மட்டும் சொன்னேன்.

"மண் தட்டை உடைக்கறதுக்கா வெள்ளைக்காரன் உனக்குச் சம்பளம் குடுக்கறான்" என்றார். பிறகு, வாங்குவதானால் மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு போ, அவருக்குத்தான் அதெல்லாம் தெரியும் என்றார்.

மாப்பிள்ளை என்றால் உங்கள் அத்தையின் அகமுடையான், எனக்கு அத்திம்பேர். தொட்டியத்தில் வாழைத் தோட்டம். வௌவால் விரட்ட அவரிடம், குழல் வாயில் மருந்தைக் கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. அதை வைத்து இருபது வருஷம் வெடித்திருக்கிறார். ஒரு வௌவால்கூட விழுந்ததில்லை. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார். சத்தம் போட்டால் போதும், பாவம் எதற்கு என்பார். இருந்தாலும் துப்பாக்கி என்ற பேச்சு வந்தால் எங்கள் குடும்பத்தில் அவர்தான் அதாரிட்டி.

இங்கே உங்களுக்கு இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். நான் பிறக்கும்போதே இடது கைக்காரன். எனக்கு நாலு வயசிருக்கும்போது ததியோன்னப் பிரசாதத்துக்கு இடது கையை நீட்டினேனாம். கோவிலில், நாலு பேர் பார்க்க. அன்று சாயந்தரமே அப்பா அந்தக் கையை அரைஞாணோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார். காலையில் கட்டினால் படுக்கும்போது அவிழ்ப்பார். பூணூல் போடுகிற வரைக்கும் கட்டு இருந்தது. யாரும் அதைக் கொடுமை என்று நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. வேலி கட்டிச் செடி வளர்க்கிற மாதிரிதான். வலது கையால் சாப்பிட்டேன், எழுதினேன், கையெழுத்து அழகாகவும் வந்தது. இடது கை எங்கே போயிற்று என்று நானே மறந்துபோனேன். சனிக்கிழமை அந்தப் பழைய துப்பாக்கியைத் தூக்கும்வரை.

கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு பாய் துப்பாக்கிக் கடை வைத்திருந்தார். குறுகலான கடை. எண்ணெய் வாசனை. அத்திம்பேர் உள்ளே நுழைந்ததுமே ஒவ்வொரு துப்பாக்கியாக எடுத்துக் கையில் எடை பார்த்தார், குழலுக்குள் ஊதினார். பாய் அவரைத் தடுக்கவும் இல்லை, கவனிக்கவும் இல்லை. என்ன சுடப்போகிறேன், என்ன உயரம், கிளப்பில் எப்படி நிற்கிறேன் என்று என்னிடமே கேட்டார். பறவை சுடுகிறவனுக்கு இலேசான துப்பாக்கி நல்லது, தட்டு சுடுகிறவனுக்குக் கொஞ்சம் கனம் வேண்டும், இல்லாவிட்டால் நூறு தோட்டாவுக்குள் தோள் கன்றிவிடும் என்றார். அப்புறம் நீளமான குழல் வைத்த இரட்டைக் குழல் துப்பாக்கியாக இரண்டை எடுத்துத் துணி விரித்து வைத்தார். இரண்டும் பழையது. புதியது வாங்க எனக்கு வழியில்லை.

முதலாவது பார்க்க சாதாரணம். தோளில் வைக்கும் பின்கட்டை, கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. மேலே, இழுத்து விடுகிற சுத்தியல் மாதிரி இரண்டு குதிரைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"கண்ணை மூடிக்கிட்டுத் தூக்குங்க சாமி. தோள்ல வச்ச பொறவு திறந்து பாருங்க. குழலுக்கு நேரா என்ன தெரியுதுன்னு சொல்லுங்க. அதாவது, நீங்க துப்பாக்கிக்குப் போகக் கூடாது, அது உங்ககிட்ட வரணும்."

மூடிக்கொண்டு தூக்கினேன். திறந்தபோது எதிர்ச்சுவரில் சாவி மாட்டின ஆணி, குழலின் நுனியில் உட்கார்ந்திருந்தது. அவ்வளவு நேராக நான் எதையும் பார்த்ததில்லை. துப்பாக்கி என் இடது தோளில் இருந்தது.

அத்திம்பேர் கடகடவென்று சிரித்தார். "பாத்தேளா பாய். எங்காத்துப் பிள்ளைக்குப் பீச்சாங்கை இன்னும் போகலை. கயத்தைப் போட்டுக் கட்டியும் போகலை. ஏண்டா, மாமா கேட்டா உச்சி குளிர்ந்து போவார்டா."

எனக்கு முப்பது வயசு. இரண்டு குழந்தைக்குத் தகப்பன். அந்த இடத்தில் நாலு வயசாகிவிட்டேன். துப்பாக்கியைச் சட்டென்று வலது தோளுக்கு மாற்றினேன். தெரியாமல் தூக்கிவிட்டேன் என்றேன்.

பாய் என்னைப் பார்த்தார். "எந்தத் தோள்னு சொல்லிடுங்க சாமி. இது செருப்பு மாதிரி. மாத்திப் போட்டுக்கிட்டு நடக்க முடியாது."

"வலதுதான்."

"நிச்சயமா?"

"வலதுதான் பாய்."

அவர் மேலே கேட்கவில்லை. இந்த நேர்க்கட்டை எந்தத் தோளுக்கும் போகும் என்று மட்டும், யாருக்கோ சொல்கிற மாதிரி சொன்னார். அது எனக்குச் சொன்னது. நான் கேட்டுக்கொள்ளவில்லை. அத்திம்பேருக்கு அதைப் பிடிக்கவில்லை. எலிக்காது மாதிரி ரெண்டு நீட்டிண்டு, பாக்கவே சகிக்கலை என்றார்.

இரண்டாவது அழகாக இருந்தது. குதிரை வெளியே தெரியாது. கட்டையில் தேன் வழிந்த மாதிரி ரேகை. இரும்பில் ஒரு பக்கம் கொடி, மறு பக்கம் பறக்கிற வாத்து. பின்கட்டை இலேசாக வலது பக்கம் சாய்ந்திருந்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். வலது தோளில் வைத்தால் குழல் வலது கண்ணுக்கு நேராக வந்து நிற்க அப்படி வளைத்திருக்கிறார்கள் என்றார் பாய். அத்திம்பேர் வாத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, நல்ல வேளை, மாமாவுக்குக் கண் தெரியலை என்றார்.

எனக்கும் அதுதான் பிடித்தது. அழகுக்காக இல்லை. வலது தோள் என்று சொன்ன வாய்க்கு அது சாட்சி சொல்லும் என்று தோன்றியது. இடது கைக்காரன் வாங்கவே முடியாத துப்பாக்கி அது.

லைசென்ஸ் வருவதற்கு ஒரு மாதம் ஆயிற்று. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து வீதியில் விசாரித்தான். கோவில் கைங்கர்யக்காரர் வீட்டில் என்ன தப்பு நடந்தது என்று அக்கம்பக்கத்தில் ஒரு வாரம் பேச்சு. கடைசியில் கலெக்டர் ஆபீசில் துப்பாக்கியின் நம்பர், குழலின் நீளம், எல்லாவற்றையும் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அந்த நம்பர் துப்பாக்கியை மட்டும்தான் நான் வைத்துக்கொள்ளலாம். வேறொன்று வேண்டுமானால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வீட்டில் அதை வைக்க இடம் இல்லை. தளிகை உள், அதாவது சமையலறைப் பக்கம் கூடாது, பெருமாள் உள்ளுக்குப் பக்கம் கூடாது. கடைசியில் கொல்லைப் பக்கம் விறகு அறையில் ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினோம். சனிக்கிழமை, பாய் கொடுத்த தோல் பெட்டியோடு சைக்கிளில் பின்னால் கட்டிக்கொண்டு காவேரிப் பாலத்தைத் தாண்டுவேன். பிடில் கத்துக்கறேளா என்று வழியில் கேட்பார்கள். ஆமாம் என்பேன்.

இனி நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். தட்டு உடைய மாட்டேன் என்றது. முதல் சனிக்கிழமை இருபத்தைந்தில் மூன்று. அடுத்த வாரம் இரண்டு. தட்டு எழும்பும், நான் சுடுவேன், அது பாட்டுக்கு நிதானமாகப் போய்ப் புல்லில் படுக்கும். ஆட்கள் போய் முழுசாகப் பொறுக்கிக்கொண்டு வந்து திரும்பப் பெட்டியில் அடுக்குவார்கள். எங்கள் அணியில் ஓர் ஆங்கிலோ-இந்திய ரயில் கார்டு இருந்தார். நல்ல மனுஷர், வாய் மட்டும் சும்மா இருக்காது. "சாமி, தட்டுக்கு உசிர் இல்ல. தைரியமா அடிங்க. பாவம் வராது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு கண்ணை மூடிப் பார் என்றார். மூடினால் தட்டு எங்கே எழும்பியது என்று கண்டுபிடிப்பதற்குள் அது விழுந்துவிட்டது.

துரை முதலில் தட்டிக்கொடுத்தார். நாலாவது வாரம், அன்றைக்கு நாலு உடைத்தது நீதானா என்று கேட்டார். அன்று அவர் தட்டைத்தான் பார்த்திருந்தார், என் தோளைப் பார்க்கவில்லை. நான்தான் என்றேன். திங்கட்கிழமை தனுஷ்கோடியில் ஆள் பற்றாக்குறையாக இருக்கிறதாம் என்று பொதுவாகச் சொன்னார்.

அடுத்த நாள் விடியலில் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மார்கழி பிறக்க இன்னும் இரண்டு வாரம். இந்த வருஷம் ஏகாதசி உத்சவத்தில் பகல் பத்து, இராப் பத்து இரண்டுக்கும் ஒரு நாள்கூட விடாமல் போக வேண்டும், அடுத்த வருஷம் எப்படியோ என்றார். ஆகட்டும் அப்பா என்றேன். அவர் பிடித்திருந்தது எந்தக் கை என்று அவரும் நினைக்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தக் கையை அவிழ்த்துவிட்டுச் சுட்டால் நான் ஊரில் இருக்கலாம். அவிழ்ப்பதென்றால் அவர் கட்டினது வீண் என்று நாலு பேருக்கு முன்னால் காட்ட வேண்டும். இரண்டு பக்கமும் சுவர். நடுவில் நான் கை கொடுத்து நடத்திக்கொண்டு போனேன்.

உங்கள் அம்மாதான் வழி சொன்னாள். விறகு அறையில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துத் துப்பாக்கியைத் தூக்கித் தூக்கிப் பழகிக்கொண்டிருந்தேன். தேங்காய் எடுக்க வந்தவள் சற்று நின்று பார்த்தாள்.

"ஏன்னா, வாழைப்பழம் உரிக்கறது அந்தக் கை. பூட்டுத் திறக்கறது அந்தக் கை. ராத்திரி குழந்தை அழுதா தட்டறதும் அந்தக் கைதான். இது மட்டும் ஏன் இந்தக் கையில?"

"அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"அப்பாவுக்காகத்தானே சுடறேள்" என்றாள். தனுஷ்கோடி விஷயம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தேங்காயை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இடது தோளில் வைத்துப் பார்த்தேன். கட்டை வேறு பக்கம் வளைந்திருந்ததால் கன்னம் இடித்தது, குழல் எங்கேயோ பார்த்தது. அந்தத் துப்பாக்கியில் எனக்கு இரண்டு தோளும் இல்லை.

மறுநாள் ஆபீஸ் விட்டதும் பாய் கடைக்குப் போனேன். மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன். அந்த நேர்க்கட்டைத் துப்பாக்கியை லால்குடிக்காரர் ஒருவர் அப்போதே வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். அது இருந்திருந்தாலும், நம்பர் மாறினால் லைசென்ஸ் மாற வேண்டும், கிறிஸ்துமஸுக்குள் ஆகாது. அன்னிக்கே கேட்டேனே சாமி என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சூடான ஆளிவிதை எண்ணெயில் துணியை நனைத்துச் சுற்றிச் சுற்றி மரத்தைப் பதமாக்கி, இடுக்கியில் மாட்டி மெதுவாக மறு பக்கம் வளைக்கலாம், அப்படிச் செய்கிற மேஸ்திரி ஒருவர் உறையூரில் இருக்கிறார் என்றார். விரிசல் விட்டால் துப்பாக்கி போயிற்று. விடாவிட்டால் அது இடது தோளுக்குத்தான். அதற்குப் பிறகு திரும்பி வளைக்க முடியாது, ரேகை தாங்காது.

"மரம் தாங்கும்னு நினைக்கிறேன், இன்ஷா அல்லா. சாமி தாங்குவீங்களானு யோசிச்சுக்குங்க."

யோசிக்க நேரம் இல்லை. கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்துப் போனபோது கட்டை கறுத்திருந்தது. தேன் ரேகையெல்லாம் போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு தூக்கினேன். ஆணி நேராக இருந்தது.

பந்தயம் பகல் பத்து நடக்கும்போது வந்தது. அன்று விடியலில் அப்பாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, கூட்டத்தில் கோஷ்டிக்காரர் ஒருவரிடம், முடிந்ததும் வீட்டில் கொண்டுவந்து விடும்படி கெஞ்சிக் கேட்டுக்கொண்டு, சைக்கிளை மிதித்தேன். உத்சவத்துக்கு வந்திருந்த அத்திம்பேரும், தான் வாங்கிக் கொடுத்த துப்பாக்கியைப் பார்க்க வேண்டும் என்று ஜட்கா வைத்துக்கொண்டு வந்துவிட்டார். வராதீர்கள் என்று எப்படிச் சொல்வது?

என் முறை வந்தது. அத்திம்பேர் முன் வரிசையில் நின்றார். இடது தோளில் வைத்தேன். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. தட்டு வேண்டும் என்று குரல் கொடுத்தேன். உடைந்தது. அடுத்ததும் உடைந்தது. எனக்குச் சந்தோஷமே இல்லை. ஒவ்வொரு தட்டும் பொடியாகும்போது இதைப் போய்ச் சொல்லப்போகிறார், இதையும் சொல்லப்போகிறார் என்றுதான் இருந்தது. இருபத்தைந்தில் பத்தொன்பது. கார்டு என் முதுகில் அறைந்தார். எங்கள் அணி ஜெயிக்கவில்லை, ஆனால் மானம் போகவில்லை. துரை வந்து கை கொடுத்தார். அவருக்கு வலது கையைக் கொடுத்தேன்.

அத்திம்பேர் சாயந்தரமே சொல்லிவிட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை. அவருக்கு அது வேடிக்கை. எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். "மாமா, உங்க பிள்ளை ஜெயிச்சது எந்தக் கையாலன்னு கேளுங்கோ. பீச்சாங்கை. வெள்ளைக்காரன்லாம் எழுந்து நின்னு தட்டறான்" என்றார்.

அப்பா முகத்தை என் பக்கம் திருப்பினார். நான் எங்கே இருக்கிறேன் என்று அவருக்கு மூச்சிலேயே தெரியும். "அப்படியாடா?" என்றார்.

"ஆமாம் அப்பா."

படுக்கப் போய்விட்டார்.

மறுநாள் விடியலில் வாசலில் வந்து நின்றார். வழக்கம்போல இடது கையைக் கொடுத்தேன். அதை விலக்கிவிட்டு எனக்கு மறு பக்கம் வந்து, துழாவி, என் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்படியே நடந்தோம். மார்கழிக் கூட்டம். யாராவது இடித்துவிடப்போகிறார்கள் என்று இறுக்கிப் பிடித்திருந்தார். தீர்த்தம் வந்தபோது என் வலது கை அவரிடம் இருந்தது. தீர்த்தம் கொடுப்பவர் எனக்கு முன்னால் நின்றார். நான் எந்தக் கையை நீட்டுவது? நின்றுகொண்டே இருந்தேன். அவர் அடுத்தவரிடம் போய்விட்டார். அப்பாவுக்கு அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. சுட்ட கையைத் தொடக் கூடாது என்று மாறினாரா, அந்தக் கையை விட்டுவிட்டார் என்று அர்த்தமா, அதுவும் தெரியாது. இன்றுவரை நானே எனக்குள் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொள்கிறேன்.

இராப் பத்து முடிந்த மறுநாள் வரை அப்படியே போயிற்று. அன்று திரும்பி வரும்போது, யாரும் இல்லாத இடத்தில், கேட்காமலே சொன்னார்.

"அந்தக் கயிறு பருத்திடா. கையை உறுத்தப்படாதுன்னு உங்கம்மா மூணு நாள் உக்காந்து திரிச்சா."

"உறுத்தலை அப்பா" என்றேன். அது நிஜம். கயிறு உறுத்தவில்லை.

மறுநாள் பழையபடி இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

ஆபீசில் துரை அந்த உத்தரவைக் கிழித்துப் போடுவார் என்று எதிர்பார்த்தேன். கிழிக்கவில்லை. எனக்கு எதிரிலேயே மடித்துத் திரும்ப மேஜை இழுப்பறைக்குள் வைத்தார். நாலு வருஷம் அது அங்கேயே இருந்தது. நாலு வருஷம் ஒரு சனிக்கிழமை தவறாமல் நான் சுட்டேன். ஜுரத்தோடு சுட்டேன். உங்களில் சின்னவள் பிறந்த அன்றுகூடச் சுட்டுவிட்டுத்தான் வந்து முகம் பார்த்தேன். அம்மா அதை இன்னும் சொல்லிக் காட்டுவாள், சொல்லட்டும். தட்டு உடைகிற சத்தம் எனக்கு அந்த இழுப்பறைக்கு ஒரு தாழ் விழுகிற மாதிரிதான் கேட்டது.

ஆனால் அப்பா நாலு வருஷம் கோஷ்டிக்குப் போனார். பரமபதித்த அன்றைக்கு முதல் நாள் வரை போனார். கடைசியாக நடத்திக்கொண்டு போனது நான்தான். சடங்கெல்லாம் முடிந்து ஆபீசுக்குப் போன வாரம் துரை சீமைக்குப் போகிறார் என்று தெரிந்தது. போகுமுன் மேஜையைக் காலி செய்தவர் அந்தக் காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பழைய காகிதமேதான், தேதியை மட்டும் அடித்து எழுதியிருந்தார். இனிமேல் உனக்கு ஆட்சேபம் இருக்காதே என்றார். எல்லாம் தெரிந்துதான் வைத்திருந்தார் போலிருக்கிறது. ஆட்சேபம் இல்லை என்றேன்.

தனுஷ்கோடிக்குப் போகுமுன் துப்பாக்கியைப் பாய் கடையில் கொடுத்து விற்றுத் தரச் சொன்னேன். ஒரு வருஷம் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இதைத் தோள்ல வைக்க உங்களை மாதிரி இன்னொருத்தர் வரணுமே சாமி. யாரும் வரலை. அப்படி ஆளுங்க இருந்தாலும் வெளியில சொல்லிக்கிறதில்ல" என்றார்.

அதனால்தான் அது நம் வீட்டில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை கலெக்டர் ஆபீசுக்குப் போய் லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டு வருகிறேன். எதற்காக வைத்திருக்கிறீர் என்று ஒரு கேள்வி இருக்கும். விளையாட்டு என்று வலது கையால் எழுதிக் கொடுப்பேன். கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார்கள்.

பெட்டியை இனி இறக்காதீர்கள். பார்க்க வேண்டுமானால் என்னிடம் கேளுங்கள், நானே எடுத்துக் காட்டுகிறேன். அதைத் தூக்கிப் பார்க்க உங்களில் ஒருவர் கை நீட்டியதைப் போன வாரம் பார்த்தேன். எந்தக் கை என்றும் பார்த்தேன். நான் கோபித்தது அதற்காக இல்லை.